பறையொலியும் பிஞ்சு நெஞ்சும்

நம் கார்டன் ரீச்சுக்கு அண்டையிலுள்ள கிதர்பூர்த் துறைமுகத்தின்மீது 1943 டிசம்பர் 5ஆம் நாள் பட்டப்பகலில் ஜப்பானிய வானூர்திகள் குண்டு பொழிந்தன. அக்காலத்திலேயே கடலுக்கு அப்பால், ஜப்பானியர் ஆண்ட மலாயாவில், தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் தோக்கியோ இருக்கும் திசை நோக்கித் தலை தாழ்த்தி வணங்கினர். ஜப்பானிய மொழியும் பாட்டும் பயின்றனர். இங்கே குழந்தையை நடுங்கச் செய்த கொடி, அங்கே குழந்தையின் வணக்கத்திற்குரியதாயிற்று. பிழை குழந்தையினுடையதன்று, கற்பித்தவர்களுடையது. ஆயின், இவ்வுண்மையை இளையோர்க்குக் கதையாகச் சொல்வது எங்ஙனம்?

இதற்கு விடை காண முயன்ற நூல்களுள் தலையாயது, ஜெர்மானிய எழுத்தாளர் ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் 1961இல் வெளியிட்ட நாவல். 'ஃப்ரீட்ரிக்' என்னும் பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. ஒரே கட்டடத்தில் இரு சிறுவர் வளர்கின்றனர். ஃப்ரீட்ரிக் யூதன், கதை சொல்பவன் யூதனல்லன். அவனுக்குப் பெயரே இல்லை. அந்தப் பெயரின்மையில் ஒரு நுட்பம் உண்டு: எந்தச் சிறுவனும் அவ்விடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கலாம்.

நாசிகளின் சிறுவர் அணி அவனை ஈர்க்கிறது. சீருடை, அணிவகுப்பு, தோழமை என அதில் சிறுவர் விரும்புவன எல்லாம் உள்ளன. 1938 நவம்பரில் யூதர் உடைமைகள் சூறையாடப்பட்டபோது அவனும் கூட்டத்தோடு சேர்ந்து, சுத்தியல் ஏந்தி, கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்கிறான். வீடு திரும்பிய பின், அதே கூட்டம் ஃப்ரீட்ரிக்கின் இல்லத்துள்ளும் புகுவதைக் காண்கிறான், அழுகிறான். ஆசிரியர் இடையிற் புகுந்து நீதி உரைக்கவில்லை. உடைத்த கையும் அழுத கண்ணும் ஒருவனுடையவே என்பதைக் காட்டி அமைகிறார். நூலின் தனிச்சிறப்பு இதுவே.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் கேம்ப்பெல் பார்ட்டோலெட்டி 2008இல் எழுதிய நாவலை இதனோடு ஒப்பிடலாம். தடைசெய்யப்பட்ட வானொலியைக் கேட்டு, உண்மையைத் துண்டறிக்கைகளாக எழுதிப் பரப்பியமைக்காக 1942 அக்டோபர் 27இல் தம் பதினேழாம் வயதில் கொல்லப்பட்ட ஹெல்முத் ஹூபெனரின் வாழ்வே அதன் கரு. உள்ளத்தை உருக்கும் நூல்தான். ஆயினும் ஒரு குறை உண்டு. வீரனின் கதையைப் படிக்கும் பிள்ளை தன்னையும் வீரனாகவே எண்ணிக்கொள்ளும். ரிக்டரின் கதையைப் படிக்கும் பிள்ளையோ தன் கைகளைத் திரும்பிப் பார்க்கும்.

வங்கத்தில் வாழும் நமக்குச் சத்யஜித் ராயின் 'ஹீரக் ராஜார் தேஷே' (1980) நினைவுக்கு வரலாம். அத்திரைப்படத்தில் அரசன் மூளைச்சலவை செய்யும் எந்திரம் ஒன்றை வைத்திருக்கிறான். முடிவில் அவ்வெந்திரமே அவனையும் மாற்றிவிடுகிறது. அதனைக் கண்டு நம் பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வர். ஆயின், வரலாற்றில் அத்தகைய எந்திரம் இல்லை. புகட்டப்பட்ட நஞ்சைப் பிள்ளை தானே முயன்று கக்க வேண்டும்; அதற்குப் பல்லாண்டுகள் ஆகலாம். அந்த நெடும்பாட்டைச் சொல்லுதற்கு வரலாற்றுப் புனைகதையே ஏற்றது.

இனி நம் பக்கம் நோக்குவோம். தன் வீட்டாரை முன்னரே போரிற் பறிகொடுத்த மறக்குடி மகள், தன் ஒரே மகன் கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புவதை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார் (புறநானூறு 279). அத்தாயின் உள்ளத்தை நாம் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவருகிறோம். அந்தச் சிறுவன் என்ன நினைத்தான் என்று கேட்டோமா?

மலாயாவில் இந்திய விடுதலைக்காகப் பாலசேனை என்னும் சிறுவர் அணியும் அமைந்தது. நேதாஜியின் நகரில் வாழும் நாம் இதனைத் தயங்கியே பேசுவோம். அடிமைத்தளை அறுக்க எழுந்த வேட்கையும் நாசி வெறியும் ஒன்றாகா, அதில் ஐயமில்லை. எனினும், அணிவகுப்பில் நின்ற சிறுவன் இரண்டையும் சீர்தூக்கித் தேர்ந்தவனல்லன். முன்னே நின்ற பெரியோரை நம்பியவன். ஈழப்போரில் விடுதலைப் புலிகள் சிறாரைப் படையிற் சேர்த்ததை யுனிசெஃப் பதிவு செய்துள்ளது. இயக்கத்திற் சேர்ந்த இளைஞனைப் பற்றி ஷோபாசக்தி 'கொரில்லா' (2001) எழுதினார். மலாயாத் தமிழர் பட்ட துயரை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' (1993) நாவலில் தீட்டினார். இரண்டும் பெரியோர் படிப்பதற்குரியன. நம் பிள்ளைகளுக்கு நாம் வாங்கித் தரும் சரித்திரக் கதைகளிலோ, குதிரையும் வாளும் வெற்றியுமே பெரும்பாலும் மின்னுகின்றன.

பகைவனின் பொய்யைப் பிள்ளைக்குக் காட்டுவது எளிது. நாம் நேசிக்கும் கொடியின் கீழும் பிள்ளை கேள்வி கேட்கலாம் என்று காட்டுவதே அரிது. வேற்று மண்ணில் மூன்று மொழிகளுக்கிடையே வளரும் நம் பிள்ளைகள், ஒரே நிகழ்ச்சி வீட்டிலும் பள்ளியிலும் வெவ்வேறாகச் சொல்லப்படுவதை நாள்தோறும் கேட்பவர்கள். அவர்களுள் ஒருவர் நாளை தமிழில் அந்நூலை எழுதுவாராயின், பறையொலி கேட்டுக் களம் சென்ற அச்சிறுவனுக்கு அன்றுதான் வாய் திறக்கும்.