பியரா, பியரா?

துறைமுகத்தில் கப்பல்களை அணைத்துக் கட்டும் மேடைக்கு ஆங்கிலத்தில் ‘பியர்’ என்று பெயர். மதுவகை ஒன்றையும் தமிழில் ‘பியர்’ என்றே எழுதுகிறோம். முன்னதைச் சொல்லும்போது ஆங்கிலேயரின் உதட்டிலிருந்து சிறு மூச்சு ஒன்று வெடித்துவரும், பின்னதில் வராது. மெல்லிய காகிதத் துண்டை வாயின் முன் பிடித்துக்கொண்டு ‘பல்’, ‘பானை’ என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் அவ்வளவாக அசையாது. நம் பகரத்தில் அந்த மூச்சு இல்லை. ஆகவே தூத்துக்குடிக்காரர் துறைமேடையைச் சொன்னாலும், ஆங்கிலேயர் காதில் அது மதுவாக விழலாம்! முத்துநகர் விரைவு ரயிலின் ஆங்கிலப் பெயரான ‘பேர்ல் சிட்டி’யின் முதல் ஒலிக்கும் இதே கதிதான்.

‘தமிழ்வழியில் படித்தவனுக்கு நாக்குத் திரும்பாது’ என்ற ஏளனத்தைக் கேட்டுக் கூசாத மாணவர் அரிது. ஆனால் இதில் நாக்கின் குற்றம் ஏதுமில்லை. உதடு திறப்பதற்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்குவதற்கும் இடையே, ஒரு விநாடியை நூறாகப் பகுத்தால் சில பங்கே வரும் கால வேறுபாடு அது.

இத்தகைய நுட்பங்களைக் கருவிகொண்டு ஆராய்ந்த தமிழர் டி. பாலசுப்பிரமணியன். பேச்சுத்தமிழின் ஒலியியலை ஆராய்ந்து 1972இல் எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றவர். ஐதராபாத்தின் மத்திய ஆங்கில, அயல்மொழிகள் நிறுவனத்தில் பணியாற்றியவர். இந்திய மாணவர்களுக்காக அவர் எழுதிய ஆங்கில ஒலியியல் பாடநூல் 1981இல் வெளிவந்தது. பேச்சுறுப்புகளில் தொடங்கி மெய், உயிர், அழுத்தம், தாளம், தொனி எனப் படிப்படியாகச் செல்லும் தெளிவு அதன் சிறப்பு.

எனினும் இந்நூலை விட அவருடைய தமிழாராய்ச்சியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதே எடின்பரோவில் ஒலியியல் துறையை நடத்திய டேவிட் ஆபர்குரோம்பி, மொழிகளின் தாளத்தை இரண்டாகப் பிரித்தார்: அழுத்தங்கள் சம இடைவெளியில் வருவன, அசைகள் சம இடைவெளியில் வருவன. ஆங்கிலம் முதல் வகை. தமிழ்? பாலசுப்பிரமணியன் அளந்து பார்த்து, 1980இல் இரண்டுமல்ல என்றார். புகழ்பெற்ற கொள்கைக்குத் தாய்மொழியை வளைக்காமல் அளவையை நம்பிய துணிவு அது. இக்கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களிலேயே தங்கிவிட்டன. நம் பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருப்பார்கள்?

பாடநூலில் என் குறை ஒன்று உண்டு. இங்கிலாந்திலேயே சிறுபான்மையினர் பேசும், டேனியல் ஜோன்ஸ் 1917இல் தம் உச்சரிப்பு அகராதியில் பதித்த ஒலிப்பு மரபே அதற்கும் முன்மாதிரி. ஆர். கே. பன்சல் 1969இல் வெளியிட்ட ஆய்விலும் இந்தியரின் ஆங்கிலத்தைப் பெரிதும் எடைபோட்டது ஆங்கிலேயரின் காதே. தூத்துக்குடியில் கப்பலேறும் பைலட்டோ கொரியரோடும் பிலிப்பைன்ஸ்காரரோடும் பேசவேண்டியவர். அங்கே ‘பேர்ல்’ சொல்லில் ரகரம் ஒலித்தால் ஒன்றும் முழுகிவிடாது. ‘பிஃப்டி’யும் ‘பிஃப்டீனு’ம் குழம்பினால்தான் ஆபத்து. அழுத்தம் எந்த அசையில் என்பதை முதலிலும், உயிரொலிகளின் நுண்பேதங்களைப் பின்னரும் கற்பித்திருக்கலாம்.

கடல்சார் வழக்கமோ அழுத்தத்தையும் நம்பவில்லை. 2001இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்ற சொற்றொடர்த் தொகுப்பின்படி, பதினைந்தை வானொலியில் ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லவேண்டும்.