மேலே வெட்டினா கீழே கட்டணும்

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலக் காரிலிருந்து நான் இறங்கவில்லை. குதித்தேன்.

வருஷம் 2006. ஊர் திருநெல்வேலி. வாடகைக்குப் பிடித்த ஓப்பன் கார். பூர்வ ஜென்மத்தில் அம்பாசடர். கூரையை வெட்டி எறிந்து, வெள்ளை பெயின்ட் அடித்து, மூக்கில் ஒரு பென்ஸ் நட்சத்திரத்தை ஒட்டியிருந்தார்கள். பின்னால் நான், மாமா, அத்தான், மடிக்கொன்றாக அக்கா பிள்ளைகள். மண்டப வாசலில் கார் நின்றது. கதவு திறக்கவில்லை. டிரைவர் இழுத்தார். மாமா உதைத்தார். நாதஸ்வரக்காரர் மூன்றாவது தடவையாக அதே பாட்டை ஆரம்பித்தபோது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எகிறிவிட்டேன். டர்ரென்று ஒரு சத்தம். வேட்டிதான். வீடியோ இன்னும் வீட்டில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்பது போன மாசம்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர் மேலப்பாளையத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிற ஒரு பாய். என் காரில் விழுந்த ஒடுக்கை எடுக்கப் போயிருந்தேன். செவ்வாய்க்கிழமை. சந்தைக்கு வந்த மாடுகளும் ஆடுகளும் ரோட்டை அடைத்துக்கொண்டதால் உடனே கிளம்ப முடியவில்லை. பேச்சு வளர்ந்தது. பாய் ஒரு காலத்தில் ஊர்வலக் கார்களுக்குக் கூரை வெட்டியவராம்! விடுவேனா? இத்தனை வருஷக் கடுப்பைக் கொட்டிவிட்டேன்.

"பின்னால எத்தன பேரு உக்காந்திருந்திய?"

"பெரியவங்க மூணு, பிள்ளைங்க மூணு."

"அதான் சார். வண்டி நடுவுல தொங்கியிருக்கும். கதவு எப்படித் தொறக்கும்? மேல வெட்டினா கீழ கட்டணும். அந்தாளு கட்டாம வெட்டிப்புட்டான்."

நான் படித்தது பி.காம். பற்று எது, வரவு எது என்று கேட்டால் சொல்வேன். இது புரியவில்லை. பாய் ஒரு தீப்பெட்டியை எடுத்தார். மூடியோடு கொடுத்து முறுக்கச் சொன்னார். அசையவில்லை. உள்பெட்டியை மட்டும் உருவிக் கொடுத்தார். முறுக்கினேன். நெளிந்து நாசமாகிவிட்டது.

அவ்வளவுதான் விஷயம். லாரி, பழைய ஜீப் மாதிரி வண்டிகளுக்கு அடியில் சேஸிஸ் என்று தனி முதுகெலும்பு உண்டு. மேலே எதை எடுத்தாலும் அது தாங்கும். அம்பாசடருக்கும் இன்றைய பெரும்பாலான கார்களுக்கும் அப்படித் தனியாகக் கிடையாது. கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்ததுதான் முதுகெலும்பு. கூரையை வெட்டினால் பாதி எலும்பு போயிற்று. அதனால் கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் பாக்ஸ் பைப் கொடுத்து, தரைக்கு அடியில் குறுக்கே எக்ஸ் மாதிரி இரும்பு பற்றவைக்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகள் செய்வதும் இதைத்தான். அதனால்தான் கூரையில்லாத மாடல், அதே காரின் கூரையுள்ள மாடலைவிடப் பெரும்பாலும் எடை கூடுதலாக இருக்கும். பாய் இதை எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை.

தமிழ்நாட்டில் கார் கட்டிய கதை நீளமானது. 1903லேயே மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவி கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். 1961 முதல் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. தனி சேஸிஸ் உள்ள வண்டி அது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டைத் திறந்த காராகவும் விற்றார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலை நகரில் ஃபோர்டு (2022ல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்), மஹிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் ரெனோ-நிஸான். 2025 ஆகஸ்டில் நம்ம தூத்துக்குடிக்கே வந்துவிட்டது வியட்நாமின் வின்ஃபாஸ்ட். முதல் கட்டமாக வருஷத்துக்கு 50,000 மின்சார கார்கள் கட்டும் திறன். மேலப்பாளையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்.

இத்தனை இருந்தும் நம் ஊர் மாப்பிள்ளை ஏறிப்போகிற ஓப்பன் காரை, இவர்கள் யாரும் கட்டித் தரவில்லை. அதைக் கட்டியவர்கள் தகரம் தட்டுகிறவர்கள்.

அந்தக் கார்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஊர்வலக் காரின் வேலை என்ன? நடக்கிற வேகத்தில் போக வேண்டும். தெருமுனையில் நிற்கிற ஆச்சிக்கு மாப்பிள்ளை முகம் தெரிய வேண்டும். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். பல லட்சம் கொட்டி இறக்குமதி செய்கிற பி.எம்.டபிள்யூ. இசட்4 காரில் இரண்டே சீட்டு. டிரைவர் போக மாப்பிள்ளை மட்டும் உட்காரலாம், அதுவும் தரையோடு தரையாக. தலைப்பாகைதான் தெரியும். மாமாவை எங்கே உட்கார வைப்பது? இந்தப் பரீட்சையில் அம்பாசடருக்குத்தான் என் மார்க்.

ஆனால் பென்ஸ் நட்சத்திரத்துக்குப் பூஜ்யம். 1910ல் கல்கத்தாவில் இருந்த மேத்யூசன் என்ற இஞ்சினியர், இங்கிலாந்தின் புரூக் கம்பெனியில் சொல்லி அன்னப்பட்சி வடிவில் ஒரு திறந்த கார் செய்துகொண்டார். அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சும். பின்பக்கம் எச்சம் மாதிரி சுண்ணாம்புக் கரைசல் விழும். ஜனம் மிரண்டதில் போலீஸ் அதை ரோட்டுக்கே வரக் கூடாது என்றது. பிறகு நாபா மகாராஜா வாங்கினார். இப்போது நெதர்லாந்தில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் நேர்மையான பைத்தியக்காரத்தனம். நம்மாட்கள் மயிலோ அன்னமோ எது செய்தாலும் ரசிப்பேன். அம்பாசடரைப் பென்ஸ் என்று சொல்லாதீர்கள். அந்த நட்சத்திரத்துக்குச் செலவழித்த காசை பாக்ஸ் பைப்புக்குக் கொடுத்திருந்தால் என் வேட்டி பிழைத்திருக்கும்.

வேட்டியோடு போயிற்று, சரி. ஆள் போயிருந்தால்? இங்கேதான் சட்டம் வருகிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்யக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். கதவு திறக்காத காரில் உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்தச் சட்டத்தின் பயம் எனக்கும் நியாயமாகவே படுகிறது.

ஆனால் இதில் கட்டாமல் வெட்டியவனும் கட்டி வெட்டியவனும் ஒரே குற்றவாளி. அங்கேதான் எனக்கு உதைக்கிறது. பிரிட்டனில் பட்டறையில் மாற்றிக் கட்டிய ஒற்றை வண்டியைக்கூட அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். தேறினால் ரோட்டுக்கு வரும், தேறாவிட்டால் வீட்டுக்குத் திரும்பும். ஜெர்மனியிலும் இப்படி ஒரு வழி உண்டு. நம்மிடம் சோதிக்க இடமில்லையா? ஒரகடத்திலேயே மத்திய அரசு கட்டிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கம்பெனிகளுக்குத் திறக்கிற கதவைப் பட்டறைக்காரருக்கும் கொஞ்சம் திறந்தால் என்ன? தேறுகிறவர் வேலை செய்யட்டும். நட்சத்திரம் மட்டும் ஒட்டுகிறவர் கடையை மூடட்டும். வாடகைக்கு எடுக்கிற நாமும் அதுவரை ஒன்று செய்யலாம். நாலு பேரை உட்காரவைத்துக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

பாய் இப்போது கூரை வெட்டுவதில்லை. "ஆர்.டி.ஓ. புடிச்சா யாரு சார் பதில் சொல்லுதது?" என்கிறார். ஒடுக்கு எடுப்பதோடு சரி. அவர் மகன் தூத்துக்குடி ஃபேக்டரியில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். பன்னிரண்டு வயசிலிருந்து அப்பாவோடு பட்டறையில் நின்ற பையன். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லன்னு எழுதிட்டேன் சார்."