அரசவையில் ஒரு துறவி: தமிழ் வரலாற்று நாவல் இன்னும் எழுதாத பக்கம்

ஆயக்குடியிலிருந்து பார்வைக்கெட்டும் தொலைவில் பழனி மலை. அங்கே தண்டாயுதபாணிக்கு ஒரே நாளில் ஆண்டிக்கோலமும் உண்டு, ராஜ அலங்காரமும் உண்டு. இந்த இரண்டையும் கண்டு வளர்ந்த வாசகருக்கு, அரசனுக்குள் ஒரு துறவி இருப்பான் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. நம் வரலாற்று நாவல்கள்தான் அந்தத் துறவியை அரண்மனைக்குள் விடத் தயங்கிக்கொண்டே இருக்கின்றன.

கல்கியிலிருந்தே தொடங்கவேண்டும். அவருடைய உலகத்தில் துறவுக்கோலம் பெரும்பாலும் வேஷம். 'பார்த்திபன் கனவு' நாவலில் சிவனடியாராக வருபவர் நரசிம்மவர்மச் சக்கரவர்த்தி. 'சிவகாமியின் சபதம்' காட்டும் புத்த பிக்ஷு நாகநந்தி, புலிகேசியின் இரட்டைச் சகோதரர். 'பொன்னியின் செல்வன்' நாவலில் ஆழ்வார்க்கடியானின் வைணவப் பற்று உண்மையானதுதான். ஆனாலும் கதைக்கு அவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றனாகவே வேண்டியிருக்கிறான். கதையை ஓட்ட இது அருமையான உத்தி. தேடலுக்கு மட்டும் அதில் இடமில்லாமல் போயிற்று.

பெரிய இழப்பு பல்லவ மகேந்திரவர்மர். சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்ததாக மரபு சொல்லும் மன்னர். திருச்சி மலைக்கோட்டைக் குடைவரைக் கல்வெட்டு, வேறு நெறியிலிருந்து லிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதைப் பேசுகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மண்டகப்பட்டில் மும்மூர்த்திகளுக்குக் கோயில் குடைந்தவரும் இவரே. 'மத்தவிலாசம்' என்ற அங்கத நாடகத்தில் காபாலிகனையும் பௌத்த பிக்ஷுவையும் ஒருசேரக் கேலி செய்தவரும் இவரே. எல்லாச் சமயங்களின் பலவீனங்களையும் இவ்வளவு நெருக்கத்தில் கண்டு சிரித்த ஒருவர், பிறகு எதன்முன் தலைவணங்கினார்? தாம் துன்புறுத்தியதாகச் சொல்லப்படும் திருநாவுக்கரசரிடம் தோற்றபோது உள்ளே உடைந்தது என்ன? 'சிவகாமியின் சபதம்' நாவலில் இந்த மாற்றம் முன்கதையாகிவிடுகிறது. நாம் காண்பது கலைஞரையும் போர்த் தந்திரியையும்தான். அந்நாவலின் ஆன்மிக உச்சம் அரசர்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னை ஒப்படைத்துவிடுகிற சிவகாமிக்குத்தான் கிடைக்கிறது. கல்கி எழுதியவற்றுள் மிக உயர்ந்த இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

கோர் விடால் 1964இல் எழுதிய 'ஜூலியன்' நினைவுக்கு வருகிறது. கிறித்துவத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பிய ரோமப் பேரரசன் தானே எழுதும் நினைவுக் குறிப்புகள். ஓரங்களில் அவனை அறிந்த இரு அறிஞர்களின் மறுப்பும் முணுமுணுப்பும். மகேந்திரருக்கு இப்படியொரு நாவல் அமைந்திருக்கலாம்.

கல்கிக்குப் பின் வந்த தொடர்கதைப் பெருக்கில் வாளும் காதலும் கப்பலும்தான் அதிகம். விதிவிலக்கு நா. பார்த்தசாரதியின் 'மணிபல்லவம்'. அதன் நாயகன் இளங்குமரன் வீரத்தை விட்டு ஞானத்தின் பக்கம் நகர்கிறான். ஆனால் அவன் பூம்புகாரின் இளைஞன், அரியணையின் பாரம் அவன்மேல் இல்லை. பாலகுமாரனின் 'உடையார்' ராஜராஜனின் கோயில் பணியையே தவமாக்கிக் காட்டுகிறது. ஆறு பாகங்களில் பக்தி நிறைய உண்டு, சந்தேகம் குறைவு. சந்தேகத்தை நேரே எதிர்கொண்டது ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). ஞானசபை வாதத்தில் பௌத்தன் அஜிதன் வெல்கிறான். வென்ற ஞானம் அதிகாரமாக மாறும்போது என்ன ஆகிறது என்பதை நாவல் விடாமல் பின்தொடர்கிறது. ஆனால் அது கற்பனை நகரம். நாம் அறிந்த மன்னர் ஒருவர் அப்படி எழுதப்பட இன்னும் காத்திருக்கிறார்.

காத்திருப்பவர்கள் சிலர் உண்டு. தில்லையைப் பாடித் திருவிசைப்பாவில் இடம்பெற்ற கண்டராதித்த சோழரைக் கல்வெட்டுகள் 'மேற்கெழுந்தருளின தேவர்' என்கின்றன. அரசர் மேற்கே போனது எதைத் தேடி?

இன்னொருவர் இங்கேயே இருக்கிறார். பழனிக்கு மேற்கே, கொழுமம் போகும் வழியில், பாப்பம்பட்டிக்கு அருகே ஐவர்மலை. பழைய பெயர் அயிரை. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அங்கே ஒரு கல்வெட்டு: சக ஆண்டு 792, அதாவது பொது ஆண்டு 870. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் காளத்துச் சாந்திவீரக்குரவர் பார்சுவநாதரையும் இயக்கியரையும் புதுப்பித்து, 505 காணம் பொன் வைத்தார். இரண்டாம் வரகுணன் 862இல் அரியணை ஏறினான் என்று வரலாற்றாசிரியர்கள் கணித்தது இந்தக் கல்லை வைத்துத்தான். சைவ மரபோ வரகுணன் என்ற பெயரையே சிவப்பித்தின் பெயராக்கி வைத்திருக்கிறது: திருவிடைமருதூரில் பிரமகத்தி நீங்கிய கதை, பட்டினத்தார் பாடிய புகழ், மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் வரும் பெயர். அக்கதைகளின் வரகுணன் முதலாமவனா இரண்டாமவனா என்று அறிஞர்கள் வாதிடட்டும். நாவலாசிரியருக்கு அந்த ஐயமே ஒரு வாசல். மாணிக்கவாசகரும் பாண்டியன் அமைச்சர்தானே, குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கரைத்தவர்.

இதை எழுத வருபவர் மதுரை அரண்மனையில் தொடங்க வேண்டாம். அயிரையில் சாந்திவீரரோடு தொடங்கலாம். சைவம் ஓங்கி வரும் நாட்டில், அருகனுக்கு அவியும் அடிகளுக்குச் சோறும் தடையின்றி நடக்கப் பொன்னை எண்ணி வைத்துவிட்டு, சிவனடியாராகப் பேசப்படும் ஒரு பெயரின் ஆட்சியாண்டைக் கல்லில் வெட்டச் சொல்கிறார் அவர்.