லூபெரோன் சரிவில் ஒரு தோட்டம்

எர்மேஸ் நிறுவனத்துக்காக நெடுங்காலம் வடிவமைப்புப் பணி புரிந்த நிக்கோல் த வெசியான் என்ற பிரெஞ்சு மாது, மற்றவர்கள் ஓய்வை நாடும் எழுபது வயதை ஒட்டி, 1980-களின் பிற்பகுதியில், ப்ரொவான்ஸ் பிரதேசத்து மலைக்கிராமமான பொன்னியூவில் ஒரு பழைய வீட்டையும் அதன் கீழே படிப்படியாக இறங்கும் சரிவையும் வாங்கி, அங்கே 'லா லூவ்' என்னும் தோட்டத்தைச் சிருஷ்டித்தார். விஸ்தாரத்தில் அது பெரிதன்று. அதில் நீரூற்றுகளின் ஆரவாரமோ பூக்களின் பகட்டோ இல்லை. ஆயினும் பிரான்ஸின் நாட்டுப்புறத் தோட்டக்கலை எத்தகையது என்று யாரேனும் வினவினால், அரண்மனைத் தோட்டங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்தச் சரிவையே நான் சுட்டிக்காட்டுவேன்.

வெர்சாயில் பதினான்காம் லூயி மன்னருக்காக லெ நோத்ர் வகுத்த தோட்டத்தின் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதாமல், மார்லியில் 14 பெரும் சக்கரங்களைப் பூட்டி சேன் நதியையே மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பொன்னியூ இருக்கும் லூபெரோன் மலைநாட்டின் குடியானவனுக்கு அத்தகைய பாக்கியம் ஏது? கோடை முழுவதும் மழை அருமை. சுண்ணாம்புக்கல் மண்ணில் ஈரம் தங்காது. இவை போதாவென்று, ரோன் நதியின் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து சீறி வரும் மிஸ்த்ரால் என்ற குளிர்ந்த வறண்ட காற்று நாட்கணக்கில் ஓயாமல் அடித்து, உயர்ந்து நிற்பதை ஒடித்து, ஈரமுள்ளதை உலர்த்திவிடும். இந்த நிர்பந்தங்களுக்கு உட்பட்டு, இவற்றையே ரூபமாக மாற்றிக்கொண்டதில்தான் அந்நாட்டுத் தோட்டத்தின் சௌந்தரியம் பிறக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் கல்லைப் பார்க்க வேண்டும். உழும்போதெல்லாம் நிலத்திலிருந்து கிளம்பி வந்த கற்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கவலைக்கும், மழைக்காலத்தில் சரிவோடு வழிந்தோடும் மண்ணை எப்படி நிறுத்துவது என்ற கவலைக்கும் ஒருசேர விடையாகப் பிறந்தவை, சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய கட்டுகள். நல்ல கட்டு மேலே போகப் போகச் சரிவை நோக்கி உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். அதன் இடுக்குகள் வழியே மழைநீர் வடிந்துவிடுவதால், பின்னால் நீர் தேங்கி, அதன் பாரத்தால் சுவர் சரிவதில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கல் இரவில் மெல்ல வெளியே விடுவதால், அதன் அடியில் வைத்த செடி குளிருக்குச் சற்றே தப்பிக்கிறது. தோட்டம் போட விரும்புகிறவர் செடிக்கடைக்குப் போவதற்கு முன்னால், அவ்வூர்க் கல் எந்த நிறம், அதை அவ்வூர்க் கொத்தன் எப்படி அடுக்குகிறான் என்று பார்த்துவிட்டு வருவது உத்தமம்.

கல்லுக்கு அடுத்தது கத்தரிக்கோல். லா லூவைப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவன, உருண்டை உருண்டையாகக் கத்தரித்து ஒன்றையொன்று நெருக்கி நிறுத்திய புதர்கள்: பாக்ஸ் செடியின் கரும்பச்சை, ரோஸ்மேரியின் மங்கிய பச்சை, லவெண்டரின் சாம்பல், சாந்தோலீனாவின் வெள்ளிப் பூச்சு, இவற்றின் இடையே அங்கங்கே செங்குத்தாக எழும் சைப்ரஸ். இது அரண்மனைத் தோட்டங்களின் கூம்புகளையும் சதுரங்களையும் போன்ற செயற்கை அன்று. மலைமேல் காடாய் வளரும் இதே இனத்துச் செடிகள், காற்று ஒடுக்கியும் ஆடு கடித்தும், தாமாகவே தரையோடு தரையாகக் குறுகி உருண்டு கிடக்கின்றன. வெசியானின் கத்தரிக்கோல் மலையின் அந்தப் பழக்கத்தைத்தான் கூர்மையாக்கிக் காட்டியது. வாழ்நாளெல்லாம் நெசவின் இழையோட்டத்தைக் கண்டு பழகிய கண், பூவின் வர்ணத்தை நம்பாமல், பளபளக்கும் இலைக்குப் பக்கத்தில் மங்கிய இலை, சொரசொரப்புக்குப் பக்கத்தில் வழவழப்பு என்று, ஊடும் பாவும் கோப்பதுபோல் பச்சையைப் பச்சையோடு இணைத்த லாகவம் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

லவெண்டரைக் கத்தரிப்பது தனிக் கலை. பூ முடிந்த கையோடு, இலை தழைத்திருக்கும் பகுதிக்குள்ளேயே கத்தரி நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே பழுப்பேறி இறுகிய பழைய தண்டில் வெட்டினால் மறுபடி துளிர்க்காமல் அந்தப் பக்கம் மொட்டையாகிவிடும். வெட்டாமலே விட்டாலும் கேடுதான். தண்டு நீண்டு நடுவில் பிளந்து, நாலைந்து வருஷத்தில் செடி கிழடு தட்டிப்போகும். வெகு இயல்பாக வளர்ந்ததுபோல் தோன்றும் ஓர் உருண்டைக்குப் பின்னால் இவ்வளவு பிரயாசை இருக்கிறது. தரையில் சரளைக்கல் பரப்பியிருப்பதும் வெறும் அலங்காரத்துக்கன்று. ஈரம் ஆவியாவதை அது தடுக்கிறது, லவெண்டரின் அடித்தண்டு அழுகாமல் காக்கிறது. கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிய பழைய கல்தொட்டி ஒன்றை மூலையில் வைத்தால், அதன் விளிம்பின் தேய்மானமே போதிய ஆபரணம். தொட்டியும் சரளையும் வேறு ஊரிலிருந்து வாங்கி வந்த புதுச் சரக்கானால், அங்கே நாட்டுப்புறத்தின் வேஷம்தான் மிஞ்சும்.

வடக்கே, மழைக்குக் குறைவில்லாத நார்மண்டியில், இதே கலை வேறு முகம் காட்டுகிறது. ஓவியர் மோனே 1883-இல் குடியேறிய ழிவெர்னி வீட்டின் முன்தோட்டம் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். அதன் பாத்திகளோ காய்கறித் தோட்டத்தின் பாத்திகளைப் போல நேர்கோட்டில் ஓடுபவை. அந்தக் கண்டிப்பான கோடுகளின்மேல் பூக்கள் பொங்கி வழிய அவர் தாராளமாக இடங்கொடுத்தார். ரோஜா படர்ந்த வளைவுகளின் கீழே செல்லும் நடுப்பாதையைக் கோடையின் முடிவில் நாஸ்டர்டியம் கொடிகள் இருபுறமிருந்தும் ஊர்ந்து வந்து ஏறக்குறைய மூடிவிடுகின்றன. கீழே கோடு திடமாக இருப்பதால்தான் மேலே அந்த வெள்ளம் அழகாக இருக்கிறது. கோடில்லாமல் வெள்ளத்தை மட்டும் விரும்புகிறவர்களுக்கு இரண்டே பருவத்தில் புதர்க்காடுதான் கிடைக்கும்.

வெசியான் 1996-இல் லா லூவை விற்றுவிட்டார், 1999-இல் காலமானார். லா லூவைப் போன்ற தோட்டங்களுக்கு முதுகெலும்பாயிருந்த பாக்ஸ் செடிக்கு அதன் பின்னர் பெரும் ஆபத்து நேர்ந்தது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு விட்டில் பூச்சி, 2008 முதல் பிரான்ஸெங்கும் பரவி, தலைமுறை தலைமுறையாகக் கத்தரித்து வளர்த்த வேலிகளைச் சருகாக்கிவிட்டது. துயரமான நஷ்டம்தான். பலர் பாக்ஸைக் கைவிட்டு, பில்லீரியா, மிர்ட்டில், டியூக்ரியம் முதலிய மத்தியதரைக்கடல் பிரதேசத்துச் செடிகளையே உருட்டிக் கத்தரிக்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். மலைச்சரிவில் காற்றோடும் வறட்சியோடும் முன்பே பழகிய அவை, பாக்ஸின் இடத்துக்கு வந்த மாற்றாட்களாக எனக்குத் தோன்றவில்லை. சில இடங்களில், குறிப்பாக டியூக்ரியத்தின் சாம்பல் இலை சுண்ணாம்புக்கல்லின் நிறத்தோடு சேர்ந்து நிற்கும் இடங்களில், பழைய பாக்ஸைவிடவும் அவை அந்த மண்ணுக்குப் பொருந்தியிருக்கின்றன என்றே சொல்வேன்.