பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்பு: ஒரு வாசிப்பு

புனிதர் சரித்திரங்களை நான் சிறு வயதில் படித்தது, கோயில் வாசலில் விற்கும் மெல்லிய புத்தகங்களில்தான். அவற்றில் எல்லாப் புனிதருக்கும் ஒரே குரல். அதிகாரி மிரட்டுவான், புனிதர் நீளமாகப் பிரசங்கம் செய்வார், பிறகு வாள் வரும். பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் எனக்குப் பூசையில் முதலாம் நற்கருணை மன்றாட்டில் கேட்ட பெயர்கள், அவ்வளவுதான். பின்னாளில் அவர்களைப் பற்றிய இலத்தீன் நூலை மொழிபெயர்ப்பில் படித்தபோது ஆடிப்போய்விட்டேன்.

கி.பி. 203. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண், வயது 22 இருக்கும், கையில் பால்குடிக் குழந்தை. பெலிசித்தா அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்கள் என்பதால் கைதானார்கள். நூலின் நடுப்பகுதி பெர்பெத்துவாவே சிறையில் எழுதியது என்கிறார் தொகுப்பாளர். சந்தேகப்படும் அறிஞர்களும் உண்டு. எனக்குச் சந்தேகமில்லை, காரணம், அதில் வரும் பால்.

சிறையின் இருட்டையும் புழுக்கத்தையும் சொன்ன கையோடு அவள் சொல்வது, பசியில் வாடும் குழந்தைக்குப் பால் கொடுத்ததைத்தான். குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனை ஆகிவிடுகிறது. காட்சியில் அவள் காணும் மேய்ப்பர்கூட ஆட்டுப்பால் கறந்துகொண்டுதான் இருக்கிறார். பிறகு அப்பா குழந்தையைத் தர மறுக்கிறார். அப்போது குழந்தையும் பால் கேட்கவில்லை, இவளுக்கும் மார்பில் பால் கட்டவில்லை. அதைத் தெய்வச் செயல் என்று குறித்து வைக்கிறாள். புனிதரைப் புகழ்வதற்கென்று கற்பனை செய்பவர் இந்த அதிசயத்தையா கற்பனை செய்வார்? பெற்ற வீட்டில் அம்மாக்கள் பேசிக்கொள்ளும் விஷயம் அல்லவா இது!

அப்பாவின் பகுதி அதைவிடக் கனமானது. நரைத்த தலையோடு வந்து, அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுகிறார். மகளே என்று கூப்பிடாமல் அம்மணி என்கிறார். விசாரணையில் அதிகாரி ஹிலாரியானுஸ் கிழவரை அடித்து விரட்டச் சொல்ல, அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் இருந்தது என்று எழுதுகிறாள். மதம் மாறிய பிள்ளையும் மாறாத பெற்றோரும் உள்ள வீடுகளை அறிந்தவர்கள் இந்த இடத்தை லேசில் தாண்டிவிட முடியாது. அவள் அப்பாவை வில்லன் ஆக்கவில்லை. அவர் சொன்னபடி கேட்கவும் இல்லை. (கணவனைப் பற்றிக் குறிப்பில் ஒரு வார்த்தை கிடையாது, ஏன் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.)

மாட்டை ஏவியதையும், கைநடுங்கிய வீரனின் வாளை அவளே தன் கழுத்துக்கு வழிகாட்டியதையும் தொகுப்பாளர்தான் எழுதுகிறார். சிறு புத்தகங்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் எடுத்துக்கொண்டன. வீரம் இருக்கிறது, ஆனால் அவள் குரல் போய்விட்டது.

பெலிசித்தாவுக்கு அந்தக் குரலும் கிடைக்கவில்லை. அவள் குறிப்பு எதுவும் எழுதவில்லை. சிறையில் பிரசவ வலியில் கத்துகிறாள். இதற்கே கத்துகிறாயே, மிருகங்கள் முன்னால் என்ன செய்வாய் என்று காவலாளி கேலி செய்கிறான். இந்த வலி என்னுடையது, அங்கே எனக்காக இன்னொருவர் படுவார் என்கிறாள். அவள் பேசியதாக நூலில் நிற்பது கிட்டத்தட்ட அவ்வளவே. அரங்கில் அவள் மார்பில் பால் சொட்டுவதைக் கண்டு கூட்டமே கூசுகிறது. அதையும் தொகுப்பாளர்தான் சொல்கிறார். பிறந்தது பெண் குழந்தை. சபையைச் சேர்ந்த ஒரு பெண் எடுத்து வளர்த்தாள். வளர்த்தவள் பெயரும் நூலில் இல்லை, குழந்தையின் பெயரும் இல்லை.