யானை மாதிரி

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை மகளுக்கு ஐந்து வயது. கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மும்முரமாக எதையோ வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பெரிய வட்டம் ஒன்று. அதற்குக் கீழே வரிசையாக ஆறு கோடுகள். ஓரத்தில் ஒரு சுருள்.

‘‘என்னடா செல்லம் இது?’’

‘‘யானை.’’

‘‘யானைக்கு நாலு கால்தானே? தும்பிக்கை இப்படியா இருக்கும்? இங்க குடு...’’

பென்சிலை வாங்கினேன். ரப்பரால் இரண்டு காலை அழித்தேன். தும்பிக்கையை நீட்டினேன். போனால் போகிறது என்று ஒரு தந்தமும் வைத்துக் கொடுத்தேன். நானே சொல்லக் கூடாது, நல்ல யானை.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பேப்பரை என் பக்கம் தள்ளினாள். ‘‘இது உன் யானை மாமா. நீயே வெச்சுக்கோ’’ என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் அங்கே இருந்த இரண்டு நாளும் அவள் பென்சிலைத் தொடவே இல்லை.

குற்ற உணர்ச்சிக்கு நடுத்தர வர்க்கத்துக்குத் தெரிந்த ஒரே பரிகாரம், கடைக்குப் போய் எதையாவது வாங்கி வருவது. நானும் புத்தகக் கடைக்குப் போனேன். குழந்தைகள் பகுதியில் ‘குழந்தையின் கற்பனை வளத்தைத் தூண்டும்’ என்று அட்டையில் சத்தியம் செய்கிற புத்தகங்கள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி கலரிங் புக். இடது பக்கத்தில் அச்சடித்த மயில், முழு வண்ணத்தில். வலது பக்கத்தில் அதே மயில், வெறும் கோடாக. அதைப் பார்த்து இதில் பூச வேண்டும். கோட்டுக்கு வெளியே போகக் கூடாது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பழக்கம். இதற்குப் பெயர் பேரேடு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, இரண்டும் டேலி ஆனால் வேலை முடிந்தது. கணக்குப்பிள்ளை தயாரிப்பதற்கு இது அருமையான முறை. ஆனால், பேரேட்டில் யாராவது கற்பனையைக் காட்டினால் வருமான வரித்துறை வீட்டுக்கு வந்துவிடும். அட்டையில் போட்டிருக்கிற சத்தியத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் புரியவில்லை.

உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ‘‘ஒரு சீனரி வரை’’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதி சூரியன், மலையிலிருந்து இறங்குகிற ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நானும் அதைத்தான் வரைந்தேன். நீங்களும் அதைத்தான் வரைந்திருப்பீர்கள். சென்னையில் சூரியன் கடலிலிருந்து உதிக்கிறது. மெரினாவுக்குப் போய் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிள்ளையும் இரண்டு மலைக்கு நடுவில்தான் சூரியனை வைக்கிறது. கண் பார்த்ததைக் கை நம்ப மாட்டேன் என்கிறது!

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-ல் குழந்தைகளின் ஓவியம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ரெடிமேட் உருவத்துக்கு வண்ணம் தீட்டிப் பழகிய குழந்தைக்குத் தன் சொந்தக் கோட்டின் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும் என்பது அவருடைய வாதம். 1978-ல் சூசன் ஸ்ட்ரைக்கர் என்ற ஓவிய ஆசிரியை கலரிங் புக்குக்கு எதிராகவே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரு பாதிப் படமும் ஒரு கேள்வியும்தான். மீதியைக் குழந்தை முடிக்க வேண்டும். அதில் டேலி பார்க்க முடியாது.

சரி, கதைப் புத்தகங்களுக்கு வருவோம். கலரிங் புக்கை விட்டுவிட்டு, ‘வரைவது’ பற்றியே கதை சொல்கிற படப் புத்தகங்கள் நாலைப் பிடித்தேன். மூன்று அமெரிக்கச் சரக்கு, ஒன்று சென்னையில் பதிப்பித்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கேட்டாள்.

முதலாவது, பீட்டர் ரெனால்ட்ஸின் ‘தி டாட்’. 2003-ல் வந்தது. வாஷ்டி என்கிற சிறுமி ஓவிய வகுப்பு முடிந்த பிறகும் வெற்றுத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வரைய வராது என்பது அவள் கட்சி. ஏதாவது ஒரு குறி வைத்துப் பார் என்கிறார் டீச்சர். கோபத்தில் பேனாவால் ஒரே குத்து. ஒரு புள்ளி. டீச்சர் திட்டவில்லை, சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்கிறார். அடுத்த வாரம் போனால், அந்தப் புள்ளி தங்கநிற ஃப்ரேமுக்குள் டீச்சர் மேஜைக்கு மேலே தொங்குகிறது. இதைவிட நல்ல புள்ளி என்னால் வைக்க முடியாதா என்று ரோஷம் வந்து அவள் புள்ளியாக வைத்துத் தள்ளுகிறாள். இரண்டு வண்ணம் கலந்தால் மூன்றாவது வரும் என்று தானே கண்டுபிடிக்கிறாள். கடைசியில், புள்ளி வைக்காமலேயே ஒரு புள்ளியைக் கொண்டுவருகிறாள். சுற்றிலும் வண்ணம் பூசி நடுவில் வெள்ளையாக விட்டுவிடுவது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். இல்லாததை வரைவது என்பது பெரிய ஓவியர்களே யோசிக்கிற சமாசாரம். அதை ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரி ஒரே படத்தில் காட்டிவிட்டார் ரெனால்ட்ஸ். தினமும் வாசலில் புள்ளி வைத்துத் தொடங்குகிற ஊரில் வளர்கிற குழந்தைக்கு இந்தக் கதையை விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு குறை உண்டு. அதைச் சொன்னது நானல்ல, என் தங்கை மகள். ‘‘மிஸ் ஃப்ரேம் போடலைன்னா அவ வரைஞ்சிருக்க மாட்டாளா மாமா?’’

பதில் தெரியாமல் விழித்தேன். யோசித்துப் பாருங்கள். கதையை நகர்த்துவது அந்தத் தங்க ஃப்ரேம். முடிவில் கண்காட்சி, கூட்டம், பாராட்டு. ‘நீயும் ஓவியர்தான்’ என்று சொல்ல வந்த கதை, யாரோ ஒருவர் மாட்டி வைத்தால்தான் ஓவியர் என்று லேசாகச் சொல்லிவிடுகிறது. பிள்ளை கிறுக்கிய மை காய்வதற்குள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கே அனுப்புகிற நம் காலத்துப் பெற்றோருக்கு இது தெரிய வேண்டும். கைதட்டலுக்காக வரையப் பழகிய குழந்தை, கைதட்டல் நின்றதும் நிறுத்திவிடும்.

அடுத்த ஆண்டே, 2004-ல், ரெனால்ட்ஸ் ‘இஷ்’ எழுதினார். என் கணக்கில் இதுதான் ஒரு படி மேல். ரமோன் எந்நேரமும் வரைகிற பையன். ஒருநாள் பூ ஜாடியை வரையும்போது அண்ணன் லியோன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். அன்றைக்குப் பிடித்தது சனி. எதை வரைந்தாலும் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் முயற்சி செய்து, கசக்கிக் கசக்கி எறிந்து, கடைசியில் பென்சிலையே கீழே வைத்துவிடுகிறான். தங்கை மரிசால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். துரத்திப் போனால், அவள் அறைச் சுவர் முழுக்க அவன் கசக்கி எறிந்த படங்கள்! இது பூ ஜாடி போலவே இல்லை என்கிறான் அவன். ஆனால், பூ ஜாடி ‘இஷ்’ஷாக இருக்கிறது என்கிறாள் அவள்.

இந்த ‘இஷ்’ஷைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் திணறினேன். அவளே எடுத்துக்கொடுத்தாள். ‘‘பூ ஜாடி மாதிரி!’’

அப்போதுதான் உறைத்தது. தமிழில் ‘மாதிரி’க்கு இரண்டு அர்த்தம். ஒன்று, மாதிரிப் பள்ளி, மாதிரி வினாத்தாள், டிராயிங் நோட்டில் இடது பக்கத்து மாதிரிப் படம். அதாவது, இதைப் பார்த்து அப்படியே செய் என்பது. இன்னொன்று, யானை மாதிரி, மழை வருகிற மாதிரி, அழுகை வருகிற மாதிரி. கிட்டத்தட்ட அது, எனக்குத் தோன்றிய அளவில் அது. முதல் மாதிரி, ‘தப்பு, சரி’ என்று மார்க் போடும். இரண்டாவது மாதிரி, ‘உனக்கு எப்படித் தெரிந்தது, சொல்லு’ என்று கேட்கும். குழந்தைகள் இரண்டாவது மாதிரியில் வரைகிறார்கள். நாம் கையில் ரப்பரோடு முதல் மாதிரியை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறோம். லியோன் செய்த வேலையைத்தான் நான் செய்தேன். அவன் சிரித்தான், நான் திருத்தினேன். விளைவு ஒன்றுதான்.

‘இஷ்’ஷின் முடிவு இன்னும் அழகு. வசந்தகாலக் காலை ஒன்றில் ரமோனுக்கு ஒரு பரவசம் வருகிறது. இதை எந்தப் படத்திலும் எழுத்திலும் பிடிக்க முடியாது என்று தெரிகிறது. பிடிக்காமல் விட்டுவிட்டு, சும்மா அனுபவிக்கிறான். வரையச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம், வரையாமல் இருக்கவும் அனுமதி தருகிறது. ஃப்ரேமும் இல்லை, கண்காட்சியும் இல்லை.

மூன்றாவது, இவர்களுக்கெல்லாம் தாத்தா. கிராக்கெட் ஜான்சன் 1955-ல் எழுதி வரைந்த ‘ஹரால்ட் அண்ட் தி பர்ப்பிள் க்ரேயான்’. இதில் டீச்சர் கிடையாது. அண்ணன், தங்கை கிடையாது. பாராட்டவும் ஆளில்லை, சிரிக்கவும் ஆளில்லை. இரவு உடுப்பில் ஒரு சின்னப் பையன், கையில் ஓர் ஊதா க்ரேயான், அவ்வளவுதான். நிலா வெளிச்சத்தில் நடக்க ஆசை. நிலா இல்லை. வரைந்துகொள்கிறான். நடக்கப் பாதை இல்லை. வரைந்துகொள்கிறான். ஆப்பிள் மரத்துக்குக் காவலாக ஒரு டிராகனை வரைந்து, அதைப் பார்த்துத் தானே பயந்து பின்வாங்கும்போது, முதுகுக்குப் பின்னால் கை நடுங்குகிறது. நடுங்கிய கோடு அலையாகிறது. அலை கடலாகிறது. மூழ்கப் போகிற நேரத்தில் சட்டென்று ஒரு படகை வரைந்து ஏறிக்கொள்கிறான்.

கை நடுங்கியதால் வந்த கோடல் கோடு, ஒரு கடல்! நம் டிராயிங் கிளாஸில் அது இரண்டு மார்க் குறைப்பு. ‘அழித்துவிட்டு நேராகப் போடு’ என்பார்கள். இந்தப் புத்தகத்தில் ரப்பரே கிடையாது. தப்பாகப் போன கோட்டிலிருந்து அடுத்த காட்சி பிறக்கிறது. கற்பனை வளம் என்று அட்டையில் ஒரு வார்த்தைகூடப் போடாமல் அதை எப்படி வளர்ப்பது என்று காட்டுகிற புத்தகம் இது. படித்து முடித்ததும் அவள் கேட்டது, ‘‘பேப்பர் இருக்கா மாமா?’’

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், ‘பார்த்து வரைவதே பாவம்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருப்பேன். நாலாவது புத்தகம் கையைப் பிடித்தது. சென்னையின் தாரா புக்ஸ் 2010-ல் வெளியிட்ட ‘ஃபாலோயிங் மை பெயிண்ட் பிரஷ்’. பீகார் மதுபனி மாவட்டத்தைச் சேர்ந்த ஓவியர் துலாரி தேவி வாய்மொழியாகச் சொன்ன தன் வாழ்க்கைக் கதையை கீதா உல்ஃப் எழுத, படங்களை துலாரி தேவியே வரைந்திருக்கிறார். மீனவச் சமூகத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். வேலைக்குப் போன வீடு ஓர் ஓவியரின் வீடு. பார்த்துப் பார்த்து ஆசை வந்து, கற்றுக்கொண்டு, ஓவியராகிறார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மிதிலை ஓவியம் பரம்பரைக் கலை. அதற்கென்று கோடு போடும் முறை இருக்கிறது, இடத்தை நிரப்பும் முறை இருக்கிறது. பார்த்து, பழகித்தான் கற்க வேண்டும். நம் வீட்டுக் கோலமும் அப்படித்தானே? அம்மா போடுவதைப் பார்த்துத்தான் மகள் போடுகிறாள். அப்படியானால் இங்கேயும் மாதிரி இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால், துலாரி தேவி அந்தக் கோட்டைக் கற்றுக்கொண்டு எதை வரைந்தார்? தன் வீட்டை, தன் வேலையை, தன்னை. கோடு கடன் வாங்கியது, கதை சொந்தம். கலரிங் புக் மயிலில் கோடும் அவர்களுடையது, கதையும் அவர்களுடையது. பிள்ளையுடையது உழைப்பு மட்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, புத்தகம் வாங்கப் போகும்போது அட்டையில் உள்ள வாக்குறுதியைப் படிக்காதீர்கள். ஒன்றே ஒன்று பாருங்கள். மூடி வைத்ததும் குழந்தை ‘‘இன்னொரு புக்’’ என்கிறதா, ‘‘பேப்பர் குடு’’ என்கிறதா? வெளிநாட்டுப் புத்தகங்கள் விலை கடிக்கும்தான். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப் போய் உட்காரவைக்கக் காசு தேவையில்லை. பேப்பருக்கு, ஒரு பக்கம் பிரின்ட் அடித்து வீணான தாளின் மறுபக்கம் போதும். நம் பங்குக்குச் செய்ய வேண்டியது, ரப்பரை ஒளித்து வைப்பதும், ‘‘என்ன இது?’’ என்பதற்குப் பதில் ‘‘இதைப் பத்திச் சொல்லேன்’’ என்று கேட்பதும்தான்.

ஹரால்ட் கதை முடிந்து பேப்பர் வாங்கிக்கொண்டு போனவள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். பெரிய வட்டம். ஓரத்தில் சுருள். கீழே கோடுகள். எண்ணிப் பார்த்தேன், இந்த முறை எட்டு.

நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘‘இதைப் பத்திச் சொல்லேன்’’ என்றேன்.

‘‘யானை மாமா. அன்னிக்கு நடந்துட்டிருந்துச்சு, அதான் ஆறு கால். இன்னிக்கு ஓடுது.’’