புயலும் வீடின்மையும்: இன்றியமையாமை எதிர்வாதம் பற்றிய ஒரு நோக்கு

வேண்டுமென்றே இழைக்கப்படும் தீங்குகளுக்குச் சம்மதம், தற்காப்பு, உடைமைப் பாதுகாப்பு முதலிய எதிர்வாதங்களைத் தீங்கியற் சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. இவற்றுள் இன்றியமையாமை தனித்து நோக்கற்பாலது. ஏனையவற்றில் வழக்காளியின் இசைவோ குற்றமோ எதிராளிக்குத் துணைநிற்கும். இதிலோ எத்தவறும் செய்யாத ஒருவரின் உடைமை மற்றொருவரின் உயிர்வாழ்வுக்காக வழிவிட வேண்டியுள்ளது. இவ்விரண்டினிடையே சட்டம் எப்பக்கம் சார்கின்றதென்பது இங்குதான் வெளிப்படுகின்றது.

1904இல் அமெரிக்காவின் சம்பிளெயின் ஏரியில் திடீர்ப் புயலிற் சிக்கிய குடும்பமொன்று, பிறருக்குரிய தீவின் இறங்குதுறையில் தன் படகைக் கட்டிற்று. துறைக்குரியவரின் வேலையாள் அதனை அவிழ்த்துவிட்டமையால் படகு கரையில் மோதி அழிந்ததென்றும் தாம் காயமுற்றதாகவும் அக்குடும்பத்தினர் முறையிட்டனர். அம்முறைப்பாடு சட்டப்படி செல்லுமென வெர்மொன்ற் உயர் நீதிமன்றம் 1908இல் தீர்த்தது. 1910இல் மினசோட்டா உயர் நீதிமன்றம் மேலுமோர் அடி சென்றது. புயலின்போது கப்பலைத் துறையிற் கட்டிவைத்தமை தவறன்று. எனினும் துறைக்கு நேர்ந்த 500 டொலர் சேதத்தைக் கப்பலுக்குரியோர் ஈடுசெய்தல் வேண்டும் என்றது.

இதே எதிர்வாதத்தை இலண்டனில் வீடற்ற குடும்பங்கள் எழுப்பியபோது நிகழ்ந்தது வேறு. சதர்க் நகரசபைக்குச் சொந்தமாய் வெறுமையாகக் கிடந்த வீடுகளில் அவை குடியேறியிருந்தன. மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றின் வாதத்தை நிராகரித்தது. உடனடி உயிராபத்துக்கே இவ்வெதிர்வாதம் உரியதென வரையறுத்த டெனிங் பிரபு, வீடின்மையை ஏற்றுக்கொண்டால் எவருடைய வீட்டுக்கும் பாதுகாப்பிராதென அஞ்சினார்.

இவ்வச்சத்தை முற்றாகப் புறந்தள்ளல் இயலாது. புயல் சில மணிநேரத்தில் ஓயும். வீடின்மை அவ்வாறு ஓயாது. காத்திருப்போர் பட்டியலில் நிற்பவரை முந்திச் செல்வதும் நீதியன்று. ஆயின், இவை அனுமதியின் எல்லை பற்றிய வாதங்களேயன்றி அனுமதியையே மறுப்பதற்குப் போதுமானவையல்ல. இடத்தைப் பயன்படுத்த விட்டு இழப்புக்கு ஈடுபெறும் வழியை மினசோட்டாத் தீர்ப்பு முன்னரே காட்டியிருந்தது. வெறும் வீட்டுக்கு வாடகை விதித்து, மாற்றிடம் கிடைக்கும்வரை அங்கு தங்க அனுமதித்திருப்பின் எவருடைய குடிமனை பறிபோயிருக்கும்?

புயல் கப்பலுடையோரையும் தாக்கும். வீடின்மை உடைமையற்றோரை மட்டுமே தாக்கும். முன்னையதை ஆபத்தெனக் கண்ட சட்டம் பின்னையதை ஒழுங்கீனத்தின் வாயிலெனக் கண்டமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமெனலாம். எனவே, இவ்வெதிர்வாதத்தை மீள வரையறுக்க முனைவோர் ஆபத்தின் தோற்றுவாயை விடுத்து, அதன் கடுமையையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.